கோட்டுக்கு மேலே ஒரு பரண்

பதினோரு மணி நேரம் இருபது நிமிடம். பயிற்சி நிலையத்தின் கையிருப்பில் இருந்த இறுதிப் பதிவுகளில் அதுதான் மிக நீளமானது. நறுமுகை அதைத்தான் கேட்டாள்.

பதிவு அறை ஊழியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நாப்பது நிமிஷத்துல ஒண்ணு இருக்கும்மா. கரண்டு பாஞ்சு போன ஆளு. பரண்ல தண்ணி முழங்காலுக்குக்கூட வராது. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

"எனக்கு மணலோடைதான் வேணும் சார்."

"மணலோடையிலயே சின்னது இருக்கே."

"அது ராத்திரிப் பதிவாம். எதுவும் தெரியாதுன்னு சொன்னாங்க. இதுலதான் பகல் வெளிச்சம் இருக்கு."

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற கமாலுதீன் எட்டிப் பார்த்தான். "சார், அவங்க வேணாம்னு தள்ளின நாப்பது நிமிஷத்தை என் பேருக்கு எழுதிடுங்க. எனக்கு வீட்டுல பொண்டாட்டி புள்ள இருக்கு. இவங்க மாதிரி வீரமெல்லாம் கட்டுப்படியாகாது."

வரிசை சிரித்தது. நறுமுகைக்கும் சிரிப்பு வந்தது. பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து அந்த வகுப்பைச் சிரிக்க வைத்தவன் அவன்தான். அன்று எல்லோருக்கும் அது கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

மனை அளக்கவும் சாலைக்கு எல்லை கட்டவும் ஒரு பட்டயப் படிப்பு போதும். ஆற்றுச் சமவெளியில் வெள்ளக் கோடு போடுவதற்குத்தான் தனி உரிமம். ஆறு எவ்வளவு பெருகினாலும் எந்த உயரத்தைத் தாண்டாது என்று கணக்கிட்டு, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அந்த உயரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி நீலம் பூசுவார்கள். அதற்கு மேலே ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு கான்கிரீட் பரண் இருக்க வேண்டும். கோட்டுக்குப் பக்கத்தில், கையெழுத்துப் போட்ட அளவையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் ஆற்றோரத்தில் குடியிருக்கலாம் என்று அரசு விட்டிருந்தது. விடாமலும் முடியாது. கடல் உள்ளே வந்த பிறகு மேட்டு நிலத்தில் ஏழைகளுக்கு இடமில்லை.

அங்கே குடியிருப்போர் காதுக்குப் பின்னால் ஒரு வில்லை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆறு ஏறினால் அது சிணுங்கும். அரசு அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் காதுப்பொட்டு என்றார்கள். ஆளைத் தேடுவதற்கு வசதியாக, உடம்பு உணர்வதையெல்லாம் அது சேர்த்து வைக்கும். கண்ணில் படுவது, காதில் விழுவது, மணம், குளிர், வலி, மூச்சு எல்லாம் அதில் ஏறும். நினைப்பு மட்டும் ஏறாது.

மணலோடையில் ஒரே வெள்ளத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லோருமே கோட்டுக்கு மேலே, பரணில் இறந்தார்கள். அவர்களுடைய காதுப்பொட்டுகள் மட்டும் நல்ல நிலையில் கிடைத்தன. செத்துப் பார்க்காதவன் கோடு போடக் கூடாது என்று சட்டசபையில் ஒருவர் பேசினார். மேசையைத் தட்டினார்கள். சட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து உரிமம் கேட்கும் ஒவ்வொருவரும், தப்பாகப் போட்ட ஒரு கோட்டை நம்பி இறந்த ஒருவரின் கடைசி நேரத்தை முழுக்க வாழ்ந்துவிட்டுத்தான் தேர்வுக்கு உட்கார வேண்டும்.

மணலோடையில் கோடு போட்டுக் கையெழுத்திட்டவள் இசைவாணி. நறுமுகையின் அக்கா. ஏழாவது வருஷமாகச் சிறையில் இருக்கிறாள்.

கருவியைத் தப்பாகப் படித்தாள், கவனக்குறைவு என்று தீர்ப்பில் இருந்தது. நறுமுகைக்கு அதில் நம்பிக்கை இல்லை. அக்கா தப்பாகப் படிக்கிறவள் இல்லை. தப்பு, அக்கா உயரம் அளக்கத் தொடங்கிய அளவுக்கல்லில்தான் இருக்க வேண்டும். அதை நீதிமன்றத்தில் சொல்ல உரிமம் உள்ள ஒருவர் வேண்டும். தேர்வில் ஒருவர் சொல்லும் பதில் நிபுணர் சாட்சியமாக நீதிமன்றத்துக்குப் போகும் என்பது விதி. இயற்பியல் பட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சங்கிலியும் முக்காலியும் தூக்கிக்கொண்டு வயல் வயலாக அலைந்தது இதற்காகத்தான். அக்காவின் மேல்முறையீடு அடுத்த மாதம் வருகிறது.

"கல்லு மேல பழியைப் போடு. போட்டுட்டு அவளைக் கூட்டிக்கிட்டு வா" என்று அம்மா பஸ் ஏற்றும்போது சொன்னாள்.

இறந்தவரின் உறவினருக்குப் பதிவைத் தர மாட்டார்கள். கையெழுத்துப் போட்டவரின் உறவினரைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை. இப்படி ஒருத்தி வந்து நிற்பாள் என்று அதை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

போன மாதம் சிறையில் பார்த்தபோது, வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கேட்டாள். "எந்தப் பதிவு எடுக்கப் போற?"

"இன்னும் முடிவு பண்ணல."

"எது வேணா எடு, முகை. மணலோடையை மட்டும் எடுக்காத."

"ஏன்?"

"உனக்குத் தண்ணின்னா பயம். சின்னதா ஒண்ணை எடுத்து முடிச்சுட்டு, எங்கயாவது போய்க் கோடு போடு. எனக்காக எதுவும் பண்ணாத."

தன்மேல் உள்ள பாசத்தில் சொல்கிறாள் என்று நறுமுகை நினைத்தாள்.

*

நர்ஸ் அவள் நெற்றியிலும் பிடரியிலும் பட்டைகளை ஒட்டினாள்.

"நடுவுல முடியலன்னா விரலை மடக்கி மடக்கி விரிங்க. நிறுத்திடுவேன். நிறுத்தினா பாஸ் கிடையாது, தெரியும்ல?"

"தெரியும் சிஸ்டர்."

"எழுந்ததும் தண்ணி கேக்காதீங்க. எல்லாரும் கேப்பாங்க. கேட்டுட்டு டம்ளரைத் தள்ளி விடுவாங்க. தரை துடைக்கிறது நான்தான்."

முதலில் வந்தது வெங்காயத்தின் மணம்.

அவளுடையது அல்லாத இரண்டு கைகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தன. நடுத்தர வயதுப் பெண்ணின் கைகள். இடது கட்டைவிரலில் பழைய தழும்பு. இடுப்பில் ஒரு பக்கம் லேசான பிடிப்பு. வெளியே மழை. காதுக்குப் பின்னால் பொட்டு சிணுங்கியது. கை அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பியது.

தண்ணீர் வாசற்படிக்கு வந்தபோது அந்தப் பெண் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினாள். அப்புறம் தையல் மிஷினின் தலையைக் கழற்றி ஏற்றினாள். கேஸ் சிலிண்டர் மிதக்காமல் இருக்கக் கட்டில் காலோடு கட்டினாள். எல்லாம் செய்து பழகிய வேகம். பயம் உடம்பில் எங்கும் இல்லை. இதயம் சீராக அடித்தது. ஒருமுறை நின்று, சுவரில் இருந்த நீலக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள், அடுப்பில் பால் பொங்கிவிட்டதா என்று பார்ப்பதைப் போல.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். தெருமுனையில் அளவுக்கல்லின் தலை தெரிந்தது. சுற்று வட்டாரத்தில் எல்லா உயரத்தையும் அந்தக் கல்லிலிருந்துதான் எடுப்பார்கள். அதற்குப் பக்கத்தில் பஞ்சாயத்து அடிபம்பு இருந்தது. அதன் சிமென்ட் மேடை தரையை விட்டு மேலெழும்பி, இரும்புக் குழாயைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றது. அதனடியில் தண்ணீர் தாராளமாகப் புகுந்து போயிற்று. கைப்பிடி ஒரு ஆளின் தலைக்கு மேலே இருந்தது. எட்டுவதற்காக யாரோ அடுக்கி வைத்திருந்த செங்கல் ஒவ்வொன்றாக வெள்ளத்தில் சரிந்தது.

கட்டிலில் கிடந்த நறுமுகையின் சொந்தக் கால் ஒருமுறை உதறியது. அந்தக் குழாயை அவள் பார்த்ததில்லை. கேள்விப்பட்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் ஒரு படகு வந்தது.

"அமலியக்கா, ஏறுங்க. மறுபடி இந்தத் தெருவுக்கு எப்ப வருவேன்னு சொல்ல முடியாது."

"இரு தம்பி. ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

அமலி பரண் விளிம்பில் உட்கார்ந்து, சுவரில் இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். அந்தப் பக்கம் உடனே எடுத்தார்கள்.

"இசைவாணி பேசறேன்."

நறுமுகையின் விரல்கள் மடங்கின. அவளே அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் மணலோடை, மாதா கோயில் தெரு. சுவத்துல உங்க நம்பர் இருக்கு. போட் வந்திருக்கு. போறதா, இருக்கறதா?"

"தண்ணி கோட்டுக்கு எவ்வளவு கீழ இருக்கு?"

"ஒரு முழம் இருக்கும்."

"வெளிய பாருங்க. தெருமுனைக் கல்லு தெரியுதா?"

"கல்லு முங்கிடுச்சும்மா. பம்புக் குழாய்தான் தலையைக் காட்டுது."

அந்தப் பக்கத்திலிருந்து டக், டக், டக் என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. கைபேசியின் முதுகில் நகம் தட்டும் சத்தம். மனக்கணக்குப் போடும்போது அக்கா கையில் எது இருக்கிறதோ அதை நகத்தால் தட்டுவாள். பள்ளிக்கூடத்தில் இதற்காக அடி வாங்கியிருக்கிறாள்.

"ஹலோ? அம்மா?"

தட்டுவது நின்றது.

"பரண்ல ஏறி இருங்க. கோடு சரிதான்."

"சரிம்மா. நீங்க சாப்பிட்டீங்களா?"

"ம்."

அமலி படகுக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "நீ போப்பா. கடைசி வீட்டுப் புள்ளத்தாச்சியை ஏத்திக்க. எனக்கு இடம் இருக்கு."

பரணுக்கும் கூரைக்கும் நடுவில் உட்கார்ந்தால் தலை இடிக்கும். அமலி படுத்துக்கொண்டாள். தையல் மிஷினின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கொஞ்சம் தூங்கினாள். முதுகில் ஈரம் பட்டதும் விழித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நறுமுகை எந்த நாளும் முழுதாக யாரிடமும் சொல்லவில்லை. கூரை கான்கிரீட்டில் பலகையின் மரரேகை பதிந்திருந்தது. உதடு அதில் பட்டுக்கொண்டே இருந்தது. இதயம் பழைய சீரை விட்டுவிட்டது. பொட்டு விடாமல் சிணுங்கியது. கடைசியில் வலது கை மட்டும் கூரையை விட்டுவிட்டு, தண்ணீருக்கு அடியில், சுவரில் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே போனது. விரல் பள்ளத்தில் விழுந்தது. கோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட மாதிரி விரல் அங்கேயே நின்றது.

*

பதிவை முடித்தவர்கள் யாரும் விடுதி அறைக்குள் படுக்க மாட்டார்கள். மொட்டை மாடியில் அவர்களுக்கென்று பாய் போட்டிருக்கும். சாப்பாடும் அங்கேதான் வரும். நறுமுகை மேலே போனபோது வெயில் இறங்கவில்லை. கமாலுதீன் கைப்பிடிச் சுவரோரம் பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஊருக்கு."

"தேர்வு?"

"மனை அளந்து பொழைச்சுக்கறேன்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "நாப்பது நிமிஷம் சுலபம்னாங்க இல்ல? அந்தாளு அந்த நாப்பது நிமிஷமும் மக கூடப் போன்ல பேசிக்கிட்டே இருந்தான். அது வெளியூர்ல படிக்குது போல. போன்ல சார்ஜ் குறையுதுன்னான். அந்தப் பொண்ணு, 'சுவிட்சைத் தொடாதப்பா'ன்னு சொல்லுது. 'கோட்டுக்கு மேலதாம்மா இருக்கு சுவிட்சு'ன்னு சிரிக்கிறான்."

நறுமுகை கொஞ்சம் தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கீழே யாரோ குடத்தில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை கமாலுதீன் பையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.

"நீங்க தேடினது கிடைச்சுதா?" என்று அவன் கேட்டான். அவளுடைய அக்காவைப் பற்றி அந்த வகுப்பில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"கிடைச்சுது. கல்லு இறங்கியிருக்கு. பார்த்தாலே தெரியுது."

"அப்புறம் என்ன? நாளைக்குச் சொல்லிட்டு அக்காவைக் கூட்டிட்டுப் போங்க. எங்க வீட்டுக்கு வாங்க, பிரியாணி போடறேன். தண்ணி மட்டும் கேக்காதீங்க."

அவன் போன பிறகும் அவள் அங்கேயே இருந்தாள். அமலியைப் பரணிலேயே இருக்கும்படி அக்கா ஏன் சொன்னாள் என்று திருப்பித் திருப்பி யோசித்தாள். அன்று அந்தப் பக்கம் முழுதுக்கும் மூன்று படகுதான் இருந்தது. ஒருத்தியை வெளியே வா என்றால் நானூறு பேரையும் வா என்று சொல்ல வேண்டும். நானூறு பேர் தெருவில் இறங்கினால் தெருவில் சாவார்கள். அப்படி நினைத்திருக்கலாம். அல்லது தன் கணக்கை நம்பியிருக்கலாம். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, இல்லை, சரிதான் என்று நம்பியிருக்கலாம். எதை எடுத்தாலும் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

நாளைக்குச் சொல்ல வேண்டியதை அவள் எப்போதோ தயார் செய்து வைத்திருந்தாள். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

*

வாய்மொழித் தேர்வு வேப்பமரத்தடியில் நடந்தது. தலைக்கு மேல் கூரை இருந்தால் பலருக்குப் பேச்சு வருவதில்லை என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. செராபின் மேடம் உரிமம் வாங்கிய முதல் தொகுதியைச் சேர்ந்தவர். தூறல் விழுந்தபோதும் தாழ்வாரத்துக்குப் போகாமல் குடையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நீதிமன்றம் அனுப்பிய தாமோதரன், மழையில் நனைந்துவிடாமல் ஒலிப்பதிவுக் கருவியைக் கைக்குட்டையால் மூடிவைத்திருந்தார்.

"முதல் கேள்வி," என்றார் தாமோதரன். "கோட்டுக்கு மேல தண்ணி ஏன் வந்தது?"

"கோடு கீழ இறங்கிடுச்சு சார். தண்ணி கணக்குப் போட்ட உயரத்துலதான் வந்தது."

"புரியற மாதிரி."

"ஊரைச் சுத்தி ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சியிருக்காங்க. கீழ இருக்கற களிமண் தண்ணி வத்தி அமுங்கும். அது அமுங்கினா மேல இருக்கற வீடு, தெரு, அளவுக்கல்லு எல்லாம் சேர்ந்து உக்காரும். கல்லு மேல வெட்டின எண்ணு மட்டும் பழைய எண்ணாவே இருக்கும். அந்தக் கல்லுலேர்ந்து அளந்தா எல்லா வீடும் நிஜத்தை விட உயரமாத் தெரியும். முக்கால் மீட்டர்."

"செயற்கைக்கோள்ல பார்த்திருக்கலாமே?"

"கல்லு உயரத்தைத்தான் கோர்ட் ஏத்துக்கும் சார். வானத்துலேர்ந்து வந்த உயரம் செல்லாதுன்னு நீங்கதான் தீர்ப்பு கொடுத்தீங்க."

தாமோதரன் கைக்குட்டையைச் சரிசெய்தார். செராபின் மேடம் குடைக்குள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"ரெண்டாவது. அளந்தப்ப இது ஏன் தெரியல?"

"கல்லுல ஆரம்பிச்சு ஊரைச் சுத்தி அளந்துக்கிட்டு வந்து, அதே கல்லுல முடிப்போம். ஆரம்பமும் முடிவும் ஒண்ணா இருந்தா கணக்கு மூடிடுச்சுன்னு அர்த்தம். மூடினா சரின்னுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. எல்லாம் சேர்ந்து இறங்கினா அதுவும் மூடும். பூஜ்யத்துல மூடும். அதைப் பார்த்து எந்த அளவையாளரும் சந்தேகப்பட மாட்டாங்க. சந்தோஷப்படுவாங்க."

"கல்லு இறங்கினதுக்கு ஆதாரம்?"

"பக்கத்துல இருக்கற அடிபம்பு. அதோட குழாய் ஆழத்துல கெட்டி மண்ணுல நிக்குது, அது இறங்காது. சுத்தித் தரை இறங்க இறங்க, குழாய் மேல வர்ற மாதிரி இருக்கும். மேடை அந்தரத்துல நிக்குது. செங்கல் அடுக்கி ஏறித் தண்ணி அடிச்சிருக்காங்க."

செராபின் மேடம் குடையை மடக்கினார். தூறல் அவர் முகத்தில் விழுந்தது.

"உனக்கு முன்னாடியும் பல பேர் இந்தப் பதிவை எடுத்தாங்கம்மா. எல்லாரும் கல்லைப் பார்த்தாங்க. கோட்டைப் பார்த்தாங்க. யாரும் பம்பைப் பார்க்கல. நாங்களும்தான். உனக்கு எப்படித் தோணுச்சு?"

நறுமுகை முகத்தில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டாள். தாமோதரன் தாளைப் புரட்டினார்.

"மூணாவது கேள்வி. இதை நிதானமாக் கேட்டுக்குங்க. இந்த வழக்குல அடுத்த மாசம் மேல்முறையீடு இருக்கு, உங்க பதில் அங்க வாசிக்கப்படும்." அவர் குரல் எழுத்தில் இருப்பதை அப்படியே படித்தது. "இந்தப் பிழையை, கோட்டில் கையெழுத்திட்டவர் வெள்ளத்துக்கு முன்பே அறிந்திருக்க வாய்ப்பு உண்டா?"

அவள் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தது இதற்கான பதிலைத்தான். ஒரு சொல். சொன்னால் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மா வாசலில் நிற்பாள்.

இல்லை என்று சொல்ல வாய் திறந்தது. நாக்கு அண்ணத்தில் போய் ஒட்டியது. அங்கே சொரசொரப்பாக, மரரேகை பதிந்த கான்கிரீட் இருந்தது. நாக்கை எடுக்க முடியவில்லை. மூச்சை வெளியே விட்டாள். மேலே வேப்ப இலைகளுக்கு நடுவில் வானம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது.

"தண்ணி வேணுமா?" என்று தாமோதரன் கேட்டார்.

"வேணாம்" என்று அவளுக்குப் பதிலாகச் செராபின் மேடம் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "அந்த போன்ல ஒரு தட்டற சத்தம் வருதே, நாங்களும் கேட்டோம். என்னன்னு புரியல. உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"என்ன அது?"

"அவ கணக்குப் போடறா மேடம்."

"அவ?" தாமோதரன் தலையைத் தூக்கினார்.

"இசைவாணி என் அக்கா சார்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். செராபின் மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெள்ளத்துக்கு ஒரு வாரம் முன்னாடி," என்றாள் நறுமுகை. குரல் தாழ்ந்திருந்தது. தாமோதரன் கருவியை அவள் பக்கம் நகர்த்தினார். "மூணு பேரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். கருவாட்டுக் குழம்பு. அக்கா அன்னைக்கு மணலோடைப் பக்கம் வேறொரு வேலையாப் போயிட்டு வந்திருந்தா. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, 'முகை, அந்தக் கல்லுப் பக்கத்துல பம்புக் குழாய் வளர்ந்திருக்குடி'ன்னா. 'குழாய் எங்கயாவது வளருமா, யூரியா போட்டாங்களா'ன்னு நான் கேட்டேன். அம்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிடுச்சு. நான் தலையில தட்டிவிட்டேன். அக்கா சிரிக்கல. தட்டு ஓரத்துல நகத்தால தட்டிக்கிட்டே இருந்தா. ரொம்ப நேரம். அப்புறம் கையைக் கழுவிட்டுப் போய்ப் படுத்துட்டா."

மழை நின்றிருந்தது. இலையிலிருந்து மட்டும் சொட்டியது.

"அதனால?" என்றார் தாமோதரன். "பதிவுக்காக நீங்க அதை நேரடியாச் சொல்லணும்."

"அவளுக்குத் தெரியும் சார்."